சிறிய நீராவிப் படகில் வளையும் நீராவிக் குழாய்களுக்கு வெப்பக்காப்பு: முழுமையான வழிகாட்டி

சிறிய நீராவிப் படகில் கொதிகலனின் ஸ்டாப் வால்விலிருந்து (நீராவியைத் திறந்து மூடும் முதன்மை வால்வு) எஞ்சினின் த்ராட்டில் (எஞ்சினுக்குள் போகும் நீராவியைக் கட்டுப்படுத்தும் வால்வு) வரை போகும் குழாய் பெரும்பாலும் இரண்டு மூன்று மீட்டர்தான். இவ்வளவு குட்டையான குழாய்க்கு வெப்பக்காப்பு எதற்கு என்று தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 7 பார் அழுத்தத்தில் நீராவியின் வெப்பநிலை சுமார் 170 டிகிரி செல்சியஸ். கடையில் அரை அங்குலம் என்று விற்கும், வெளிவிட்டம் 21 மி.மீ. உள்ள குழாயை ஒன்றும் சுற்றாமல் விட்டால், காற்றே வீசாத இடத்தில்கூட ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 200 வாட் வெப்பம் வெளியே போகும். அதாவது மணிக்கு மீட்டருக்கு 350 கிராம் நீராவி எஞ்சினைச் சேரும் முன்பே தண்ணீராகிவிடுகிறது. படகு ஓடும்போது காற்று அடிக்கும். இழப்பு இன்னும் கூடும்.

விறகோ கரியோ கொஞ்சம் கூடுதலாகச் செலவாவதை வேண்டுமானால் பொறுத்துக்கொள்ளலாம். அந்தத் தண்ணீர் செய்யும் வேலைதான் மோசம். சிலிண்டருக்குள் போகும் தண்ணீர் அங்கிருக்கும் எண்ணெயைக் கழுவி எடுத்துவிடும். அதிகமாகச் சேர்ந்தால், பிஸ்டனால் தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் சிலிண்டர் மூடியே உடையலாம். அப்புறம் பாதுகாப்பு. சின்னப் படகில் உட்காருகிற இடத்துக்கும் குழாய்க்கும் ஒரு கை இடைவெளிகூட இருக்காது. 170 டிகிரி உலோகத்தின் மேல் முழங்கை ஒரு நொடி பட்டாலே தோல் உரிந்துவிடும்.

நேரான இரும்புக் குழாயை மூடுவது எளிது. வளையும் ஹோஸை மூடுவது வேறு வேலை. ஹோஸ் அங்கே இருப்பதே அசைவதற்காக. எஞ்சின் அதிர்கிறது, கொதிகலன் சூடேறி நீள்கிறது, படகின் உடல் அலையில் லேசாக முறுக்கிக்கொள்கிறது. இந்த மூன்றையும் அந்த ஹோஸ்தான் வாங்கிக்கொள்கிறது. அதை இறுகக் கட்டிப்போட்டால் அது எதற்காக வைக்கப்பட்டதோ அந்த வேலை நின்றுவிடும். ஆகவே கீழே சொல்லும் எல்லாப் படிகளுக்கும் அடிப்படை மூன்று நிபந்தனைகள்: உறைக்குள் ஹோஸ் அசைய முடிய வேண்டும், நனைந்தால் காய முடிய வேண்டும், தேவைப்படும்போது திறந்து பார்க்க முடிய வேண்டும். குழாய்க்கு ஒரு சட்டை தைப்பதாக நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

தொடங்கும் முன்: பழைய உறையைக் கண்டால்

பழைய படகை வாங்கிப் புதுப்பிக்கிறீர்கள் என்றால் முதலில் இதைக் கவனியுங்கள். கொதிகலன் மேலும் குழாய்கள் மேலும் வெள்ளையாக, சாம்பல் நிறமாக, சுண்ணாம்பு போலவோ கயிறு போலவோ பழைய உறை இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில் நீராவி வேலைகளுக்கு அதுதான் வழக்கமான பொருள். கண்ணால் பார்த்து ஆஸ்பெஸ்டாஸா இல்லையா என்று சொல்ல முடியாது. ஆய்வகத்தில்தான் சொல்ல முடியும். சோதனை முடிவு வரும்வரை சுரண்டாதீர்கள், அறுக்காதீர்கள், துடைக்கக்கூட வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ்தான் என்று தெரிந்தால் அதை அகற்ற உரிமம் உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள்.

படி 1: உங்கள் ஹோஸ் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

சிறிய படகுகளில் மூன்று வகை ஹோஸ்கள் கண்ணில் படுகின்றன. மூன்றுக்கும் ஒரே மாதிரி உறை போட முடியாது.

முதல் வகை, உள்ளே நெளிவு நெளிவான மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், வெளியே கம்பிப் பின்னல். நீராவிக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதுதான். வெப்பம் இதற்குப் பிரச்சினையே இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் நெளிகுழாயின் சுவர் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த மெல்லிய சுவரைக் காப்பதில்தான் கவனம் வேண்டும்.

இரண்டாவது, உள்ளே பிடிஎஃப்இ (டெஃப்லான் என்று விற்கும் பிளாஸ்டிக்), வெளியே ஸ்டெயின்லெஸ் பின்னல். பிடிஎஃப்இ 260 டிகிரி வரை தாங்கும். ஆனால் வெப்பம் ஏற ஏற அது தாங்கும் அழுத்தம் குறைந்துகொண்டே வரும். தயாரிப்பாளரின் அட்டவணையில் சாதாரண அறை வெப்பத்துக்குப் போட்டிருக்கும் அழுத்தத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். உங்கள் நீராவியின் வெப்பநிலைக்கு நேரே உள்ள எண்ணைப் பாருங்கள். இன்னொன்று: வால்வை மூடி குழாய் குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். மென்மையான பிடிஎஃப்இ குழாய் அதில் உள்ளே சப்பிப்போகலாம். வெற்றிடம் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, நீராவிக்கான ரப்பர் ஹோஸ். ஐஎஸ்ஓ 6134 தரத்தில் வரும் ஹோஸ்களில் இரண்டாம் வகை 18 பார், 210 டிகிரி வரை போகும். அதே தரத்தின் முதல் வகை 6 பார், 164 டிகிரியோடு நின்றுவிடும். இந்த ஹோஸ்களில் பெரும்பாலும் இருக்கும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. சிலிண்டர் எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். வெப்பக்காப்பைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ரப்பர் ஹோஸின் உட்சுவர் நீராவியின் சூட்டில் இருக்கும்போது வெளிச்சுவர் காற்றுப் பட்டுச் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். அதன் மேல் தடிமனாகச் சுற்றினால் முழுச் சுவரும் நீராவியின் சூட்டுக்கு ஏறிவிடும். ரப்பர் சீக்கிரம் கெட்டிப்பட்டு வெடிப்பு விடும். ஆகவே ரப்பர் ஹோஸுக்கு வெப்பக்காப்பு சுற்றாதீர்கள். கை படாமல் இருக்க, காற்று புகும் துளைத் தகட்டால் இடைவெளி விட்டு ஒரு தடுப்பு வைத்தால் போதும். வெப்பம் வீணாகிறதே என்று மனம் கேட்கவில்லை என்றால், ஹோஸையே உலோக வகைக்கு மாற்றுங்கள்.

நான்காவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: ஹோஸே இல்லாத வழி. பல படகுகளில் செம்புக் குழாயை ஒரு வளையமாக வளைத்தே நீட்சியைச் சமாளிக்கிறார்கள். இரண்டு மீட்டர் செம்புக் குழாய் 30 டிகிரியிலிருந்து 170 டிகிரிக்குப் போனால் ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். எஞ்சின் அதிர்வு குறைவாக இருந்தால் அதற்கு ஒரு நல்ல வளையமே போதும். ஹோஸ் போட்டாலும் முழு நீளத்துக்கும் போட வேண்டியதில்லை. அசைவு இருக்கும் இடத்தில் மட்டும் குட்டையாக ஹோஸ், மீதிக்கு நிலையான குழாய் என்று வைத்தால் வெப்பக்காப்பு வேலையில் பாதி குறைந்துவிடும்.

படி 2: எதை மூடுவது, எதைத் தொடக்கூடாது

உற்சாகத்தில் எல்லாக் குழாய்க்கும் சுற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். படகில் சில இடங்கள் குளிர்வதால்தான் வேலை செய்கின்றன.

முதலில் மூட வேண்டியது எஞ்சினுக்குப் போகும் முதன்மை நீராவிக் குழாய். அடுத்து, கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றும் ஃபீட் பம்புக்கும், நீராவியின் வேகத்தாலேயே அதே வேலையைச் செய்யும் இன்ஜெக்டருக்கும் போகும் நீராவிக் குழாய்கள். இன்ஜெக்டர் ஈரமான நீராவியில் தகராறு செய்யும் என்பதால் அதற்கு உலர்ந்த நீராவி கிடைப்பது முக்கியம். தண்ணீரை முன்கூட்டியே சூடாக்கும் ஃபீட் ஹீட்டரிலிருந்து கொதிகலனுக்குப் போகும் சுடுநீர்க் குழாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விசில் குழாய் சில நொடிதான் வேலை செய்யும் என்றாலும், அதில் தேங்கும் தண்ணீர்தான் முதலில் வெளியே தெறிக்கும். ஆகவே கை எட்டும் இடத்தில் இருந்தால் அதையும் மூடுங்கள்.

எக்ஸாஸ்ட் குழாய் எங்கே போகிறது என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஃபீட் ஹீட்டருக்குப் போனால் மூடலாம். நேராக, நீராவியைத் திரும்பத் தண்ணீராக்கும் கண்டென்சருக்குப் போனால் அங்கே போய்ச் செய்யப்போகும் குளிர்ச்சியில் கொஞ்சம் வழியிலேயே நடந்தால் நல்லதுதான். கை படும் பகுதிக்கு மட்டும் தடுப்பு வையுங்கள்.

தொடவே கூடாதவை இவை. பிரஷர் கேஜுக்குப் போகும் சுருள் குழாய்: அதற்குள் நீராவி குளிர்ந்து தண்ணீராக நிற்பதால்தான் கேஜுக்குள் சூடான நீராவி போகாமல் இருக்கிறது. அதை மூடினால் கேஜ் கெட்டுவிடும். அடுத்து, நீராவி குளிர்ந்து உண்டாகும் தண்ணீர் எண்ணெயைத் தள்ளிக்கொடுக்கும் வகை லூப்ரிகேட்டர். அதற்கும் அதன் இணைப்புக் குழாய்க்கும் உறை போட்டால் எண்ணெய் வராது. தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடியும் அதன் காக்குகளும் (சிறு வால்வுகள்) எப்போதும் உறையில்லாமல் இருக்க வேண்டும். சேஃப்டி வால்வின் மேலோ அதன் வெளியேற்றுக் குழாயின் வாயிலோ எந்தத் துணியும் பஞ்சும் வரவே கூடாது. நீராவியை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் ஸ்டீம் ட்ராப் வைத்திருந்தால், வெப்பநிலை உணர்ந்து திறக்கும் வகைக்கு முன்னால் ஒரு துண்டுக் குழாயை மூடாமல் விட வேண்டும்; தண்ணீர் அங்கே குளிர்ந்தால்தான் ட்ராப் திறக்கும்.

படி 3: ஹோஸின் கிடப்பைச் சரிசெய்யுங்கள்

உறை போட்டபின் ஹோஸின் எடையும் தடிமனும் கூடும். அதற்கு முன்பே கிடப்பு சரியாக இருக்க வேண்டும்.

நடுவில் தொய்வு இருக்கக்கூடாது. தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும். வால்வைத் திறந்ததும் நீராவி அந்தத் தண்ணீரைத் தூக்கி அடிக்கும். வாட்டர் ஹேமர் என்று சொல்வது இதைத்தான். மெல்லிய சுவர் கொண்ட நெளிகுழாய் அந்த அடியைப் பலமுறை தாங்காது. ஹோஸ் ஒரே சரிவாக இறங்க வேண்டும். தாழ்ந்த முனையில் ஒரு ட்ரெயின் காக் (தண்ணீரை வடிக்கும் சிறு வால்வு) இருக்க வேண்டும். தொய்வைத் தவிர்க்கவே முடியாத இடம் என்றால் அந்த மிகத் தாழ்ந்த புள்ளியை நிலையான குழாயாக மாற்றி அங்கே ட்ரெயின் வையுங்கள்.

ஹோஸ் வளையலாம், முறுக்கக்கூடாது. இரண்டு முனைகளும் வளைவும் ஒரே தளத்தில் இருக்கும்படி வையுங்கள். யூனியனை (இரண்டு முனைகளை நட்டால் சேர்க்கும் இணைப்பு) இறுக்கும்போது ஒரு ஸ்பானரால் ஹோஸின் அறுகோணத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டைத் திருப்புங்கள். ஹோஸின் மேல் நீளவாக்கில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு இறுக்கினால், கோடு சுருண்டிருக்கிறதா என்று பார்த்து முறுக்கை உடனே கண்டுபிடித்துவிடலாம்.

ஃபிட்டிங்கை ஒட்டியே வளைவு தொடங்கக்கூடாது. முதலில் கொஞ்சம் நேராகப் போக வேண்டும். வளைவின் குறைந்தபட்ச ஆரம் ஹோஸின் அட்டவணையில் இருக்கும். நிலையான பயன்பாட்டுக்கு ஒன்று, அசையும் பயன்பாட்டுக்கு ஒன்று என்று இரண்டு எண்கள் கொடுத்திருப்பார்கள். படகுக்கு இரண்டாவதுதான், அதாவது பெரிய எண்.

மரத்திலிருந்து தள்ளி வையுங்கள். உறை போட்டபின்னும் குறைந்தது 25 மி.மீ. காற்று இடைவெளி இருக்கட்டும். பல ஆண்டுகள் தொடர்ந்து சூடு வாங்கிய மரம், புது மரத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும்.

படி 4: மூடும் முன் சோதனை

குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு அழுத்தம் கொடுத்து ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். காற்றால் சோதிக்காதீர்கள், அமுக்கப்பட்ட காற்று பிய்த்துக்கொண்டால் ஆளைக் கொல்லும். அதன்பின் ஒருமுறையாவது முழு அழுத்தத்தில் நீராவி ஏற்றி எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். சூட்டில் மட்டும் கசியும் இணைப்புகள் உண்டு.

இந்த ஓட்டத்தின்போதே இன்னொரு வேலையையும் முடித்துக்கொள்ளலாம். ஹோஸின் நடுவிலும் இரு முனைகளிலும் அருகில் ஒரு குச்சியைக் குறியாக நிறுத்தி, குளிர்ந்திருக்கும்போதும் சூடானபோதும் எஞ்சின் ஓடும்போதும் ஹோஸ் எவ்வளவு நகர்கிறது என்று எழுதி வையுங்கள். மேலுறையில் எவ்வளவு தளர்வு விட வேண்டும் என்பதை இந்த எண்தான் சொல்லும்.

படி 5: பொருளைத் தேர்வது

கடையில் கிடைக்கும் கறுப்பு ரப்பர் ஃபோம் குழாய் உறை குளிர்சாதன வேலைக்கானது. அது 100 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலே சுருங்கிப் பொடியும். முதன்மை நீராவிக் குழாயின் பக்கம் அதைக் கொண்டுவரவே வேண்டாம். கால்சியம் சிலிகேட் அரைவட்டங்கள் நிலையான குழாய்க்கு அருமையானவை. ஹோஸின் அதிர்வில் நொறுங்கிவிடும்.

ஹோஸுக்கு நடைமுறையில் நான்கு பொருள்கள். ஊசியால் கோத்த கண்ணாடி இழைப் பாய் எனக்கு மிகவும் பிடித்தது. வளைந்து கொடுக்கும், 500 டிகிரி தாங்கும், பிசின் சேர்க்காததால் புகையும் குறைவு. ஏரோஜெல் (நுண்துளைகள் நிறைந்த மிக இலேசான பொருள்) பாய் விலை கூடியது. ஆனால் பாதித் தடிமனில் அதே வேலையைச் செய்யும். இடம் நெருக்கமான படகில் அது பெரிய உதவி. அதிலிருந்து மெல்லிய தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் நன்றாக மூடிய உறை வேண்டும். மூன்றாவது, சிலிக்கோன் பூசிய கண்ணாடி இழைக் குழலுறை, ஃபயர் ஸ்லீவ் என்று விற்பது. எண்ணெயும் தண்ணீரும் உள்ளே போகாது, 260 டிகிரி வரை நிற்கும், மாட்டுவதும் எளிது. நான்காவது மோட்டார் சைக்கிள் எக்ஸாஸ்டுக்குச் சுற்றும் நாடா. அது நெருக்கமாக நெய்தது, தண்ணீரைக் குடித்துவைத்துக்கொள்ளும். படகுக்கு நான் சொல்ல மாட்டேன். செராமிக் இழைக் கம்பளம் 1260 டிகிரிக்கானது. நமக்கு அந்தத் தாங்குதிறன் தேவையே இல்லை. அதன் தூசு நுரையீரலுக்குக் கெடுதல்.

ஃபயர் ஸ்லீவ் மட்டும் போதாதா என்று பலரும் கேட்பார்கள். நான்கு மில்லிமீட்டர் தடிமன் ஸ்லீவ் மட்டும் போட்டால் இழப்பு ஏறக்குறைய பாதியாகும்; ஆனால் அதன் வெளிப்பரப்பு 110, 120 டிகிரியில் நிற்கும். தொட்டால் சுடும். மூடியிருக்கிறது என்ற நம்பிக்கையில் கை வைப்பார்கள் என்பதால் அது இன்னும் ஆபத்து. கண்ணாடி இழைப் பாய் 12 மி.மீ. சுற்றினால் பரப்பு 60 டிகிரிக்கு அருகில் வரும், 20 மி.மீ. சுற்றினால் 50. ஏரோஜெல் 10 மி.மீ. போட்டாலே அந்த 50 டிகிரி கிடைக்கிறது. 22 மி.மீ. ஹோஸ், 170 டிகிரி நீராவி, 30 டிகிரி காற்று என்று வைத்துப் போட்ட கணக்கு இது. தொடக்கூடிய பரப்புக்கு 60 டிகிரி என்பது வழக்கமான வரம்பு. ஆகவே 20 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 170 டிகிரிக்கு மேல் சூடேற்றிய நீராவி ஓடும் படகென்றால் இன்னும் ஐந்து, பத்து மில்லிமீட்டர் கூட்டுங்கள்.

மிக மெல்லிய குழாய்களில் ஒரு விசித்திரம் உண்டு. ஆறு மில்லிமீட்டர் குழாயின் மேல் நெருக்கமான நாடாவை ஒரு சுற்று சுற்றினால் இழப்பு அவ்வளவாகக் குறையாது. நாடா வெப்பத்தை ஓரளவு தடுக்கிறது. அதே நேரம் காற்றுப் படும் பரப்பைப் பெரிதாக்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. மெல்லிய குழாய்க்குச் சுற்றுவதென்றால் பஞ்சு போன்ற பொருளைத் தடிமனாகச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் கைபடாத தடுப்போடு விட்டுவிடலாம்.

இனி குளோரைடு. கடலில் ஓடும் படகென்றால் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். 304, 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், சுமார் 60 டிகிரிக்கு மேல் சூடாக இருந்து, இழுவிசையும் இருந்து, உப்பும் ஈரமும் சேர்ந்தால் நுண்ணிய வெடிப்பு விடும். துரு எதுவும் முன்கூட்டித் தெரியாது. உறைக்குள் கடல்நீர் புகுந்து, ஒவ்வொரு ஓட்டத்திலும் ஆவியாகி, உப்பு மட்டும் அங்கேயே சேர்ந்துகொண்டே போனால் அந்த மெல்லிய நெளிகுழாய்க்கு அதைவிடக் கெட்ட சூழல் கிடையாது. 316 என்றால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம், அதுவும் தப்பாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மேல் போடத் தகுந்த, குளோரைடு குறைந்த வெப்பக்காப்புப் பொருளுக்கு ஏஎஸ்டிஎம் சி795 என்ற தரம் இருக்கிறது. வாங்கும்போது அதைக் கேளுங்கள். பொருள் சுத்தமாக இருந்தாலும் வெளியிலிருந்து வரும் உப்புநீரை மேலுறைதான் தடுக்க வேண்டும்.

படி 6: வெட்டுதல், சுற்றுதல்

கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி, நல்ல தூசு முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். வெட்டும் இடத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் தூசு அடங்கும்.

ஹோஸின் பின்னலை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, உலரவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் குளோரின் சேராத கரைப்பானால் எடுங்கள். அதன் மேல் முதலில் நெய்த கண்ணாடி இழைக் குழலொன்றைத் தளர்வாக மாட்டுங்கள். பின்னலுக்கும் பாய்க்கும் நடுவே இது வழுக்கும் படலமாக இருக்கும். இது இல்லாவிட்டால் அதிர்வில் பின்னல் கம்பிகள் பாயை அரைத்துப் பொடியாக்கிவிடும். சில மாதத்தில் உறைக்குள் வெள்ளைத் தூளும் வெற்றிடமும்தான் மிச்சம்.

பாயை ஒரே துண்டாகச் சுருட்டிப் போட்டால் வளைவின் உட்பக்கம் மடிந்து திரளும், வெளிப்பக்கம் இழுபட்டு மெலியும். ஆகவே 5 அல்லது 6 மி.மீ. தடிமன் பாயை 50 மி.மீ. அகல நாடாக்களாக வெட்டுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி சுருளாகச் சுற்றிக்கொண்டு போங்கள். பாதிக்குப் பாதி மூடுவதால் ஒரு நடையிலேயே இரட்டைத் தடிமன் கிடைக்கும். இரண்டாவது நடையை எதிர்த் திசையில் சுற்றுங்கள். மொத்தம் 20 மி.மீ. தாண்டிவிடும். ஹோஸ் வளையும்போது நாடாக்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவிக் கொடுக்கும், இடைவெளி விழாது.

நாடா எவ்வளவு வேண்டும்? 22 மி.மீ. ஹோஸுக்கு இரண்டு நடைக்கும் சேர்த்து, ஹோஸின் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 12 மீட்டர் நாடா பிடிக்கும். முதல் நடைக்கு நாலரை, இரண்டாவதற்கு ஏழரை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது நடையில் விட்டம் பெரிதாகிவிடுவதை மறந்து பாதியில் பொருள் தீர்ந்து நிற்பவர்கள் அதிகம்.

இழுத்து இறுக்கிச் சுற்றாதீர்கள். வெப்பத்தைத் தடுப்பது இழைகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான். அமுக்கினால் காற்று போய்விடும், ஹோஸும் விறைத்துவிடும். முனைகளையும் நடுவில் அங்கங்கேயும் கண்ணாடி இழை நூலால் கட்டினால் போதும். கம்பி போட்டு முறுக்கக்கூடாது. அசைவில் அது பாயை அறுத்துக்கொண்டு பின்னல்வரை இறங்கிவிடும். நைலான் டை சூட்டில் உருகும்.

சுற்றி முடித்ததும் ஹோஸைக் கையால் அசைத்துப் பாருங்கள். முன்பு அசைந்ததுபோலவே அசைய வேண்டும்.

படி 7: மேலுறை தைத்தல்

மேலுறைக்குச் சிலிக்கோன் பூசிய கண்ணாடி இழைத் துணி. பாயோடு சேர்த்து வெளிவிட்டம் இப்போது 70 மி.மீ. அளவுக்கு இருக்கும், சுற்றளவு 220. ஒன்றன்மேல் ஒன்று மூட 40 சேர்த்து 260 மி.மீ. அகலத்தில் துணியை வெட்டுங்கள். நீளத்தில் வளைவைக் கணக்கில் எடுக்க வேண்டும்: ஒவ்வொரு 90 டிகிரி வளைவுக்கும் வெளிப்பக்கம் நடுக்கோட்டைவிட 55 மி.மீ. நீளம். அந்த அளவையும், படி 4ல் குறித்துவைத்த நகர்வையும் சேர்த்துத் துணியின் நீளத்தை முடிவு செய்யுங்கள். வளைவின் உட்பக்கம் விழும் சுருக்கத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஓரங்களை மடித்து, சூடு தாங்கும் கண்ணாடி இழை நூலோ ஸ்டெயின்லெஸ் கம்பி கலந்த நூலோ கொண்டு தையுங்கள். மூடும் ஓரத்தில் சிறு ஸ்டெயின்லெஸ் கொக்கிகளைத் தைத்து, நூலை அவற்றில் மாற்றி மாற்றிக் கோத்துக் கட்டலாம். இப்படிச் செய்தால் எந்தக் கருவியும் இல்லாமல் அவிழ்க்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் கட்டலாம். மேல் மடிப்பு கீழ்நோக்கி விழும்படி, மூட்டு பக்கவாட்டில் கீழே பார்த்திருக்கட்டும். மேலே இருந்தால் தெறிக்கும் தண்ணீரெல்லாம் உள்ளே போகும்.

மேலுறையின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு கண்ணித்துளை (ஓரத்தில் உலோக வளையம் பதித்த சிறு துளை) வையுங்கள். இந்தச் சின்னத் துளைக்கு நான் மிகவும் மதிப்புக் கொடுக்கிறேன். உள்ளே ஏதாவது கசிந்தால் முதலில் அங்கேதான் சொட்டும், அல்லது ஆவி எட்டிப்பார்க்கும். நனைந்த பாய் காய்வதற்கும் அதுதான் வழி.

மேலுறை எண்ணெய் உறிஞ்சாததாக இருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. சிலிண்டர் எண்ணெயில் விலங்குக் கொழுப்புக் கலப்பது வழக்கம். அப்படிப்பட்ட எண்ணெய் இழைப் பஞ்சில் ஊறினால் பெரும் பரப்பில் பரவி, காற்றோடு சேர்ந்து தானே சூடேறி, எண்ணெய் சாதாரணமாகப் பற்றும் வெப்பத்துக்கு வெகு கீழேயே புகையத் தொடங்கலாம். எண்ணெய் ஊறிய பாயைத் துவைத்துப் பயன்படுத்த முயலாதீர்கள். எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்றுங்கள்.

படி 8: முனைகளும் இணைப்புகளும்

மேலுறையின் ஒரு முனையை மட்டும் கட்டுங்கள், அதுவும் ஹோஸின் மேல் இல்லாமல் அதன் முனையிலுள்ள கெட்டியான ஃபிட்டிங்கின் மேல். மறுமுனை நிலையான குழாயின் உறைமேல் 50 மி.மீ. அளவுக்குத் தளர்வாக ஏறி நிற்கட்டும்; ஹோஸ் நீளும்போதும் சுருங்கும்போதும் அது நழுவிக்கொடுக்கும். நெளிகுழாய்ப் பகுதியின் மேல் எந்த கிளாம்பும் வரக்கூடாது. கிளாம்ப் போட்ட இடத்தில் வளைவு நின்று, அதன் ஓரத்தில் அத்தனை அசைவும் குவிந்து, உலோகம் அங்கேதான் களைத்து உடையும்.

யூனியன், ஃப்ளேஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு), வால்வு இவற்றைத் தனியாகக் கழற்றக்கூடிய சிறு மெத்தை உறைகளால் மூடுங்கள். அதே துணி இரண்டு பக்கம், நடுவே பாய், சுற்றிலும் தையல், கட்டுவதற்கு நாடா. ஒரு நிமிடத்தில் கழற்ற முடிய வேண்டும். வால்வின் கிளாண்டும் (தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பகுதி) கைப்பிடியும் வெளியே இருக்கட்டும். கிளாண்டை அடிக்கடி இறுக்க வேண்டிவரும்.

ஹோஸ் முனை கழன்றால் துள்ளி அடிக்காமல் இருக்க ஒரு ஸ்டெயின்லெஸ் கம்பி வடத்தால் இரு முனைகளையும் நிலையான இடத்தில் கட்டிவைப்பது நல்லது. வெப்பக்காப்பு உறை ஹோஸ் வெடிப்பதிலிருந்து யாரையும் காப்பாற்றாது.

படி 9: முதல் சூடு

திறந்த வெளியில், காற்றோட்டமாக இருக்கும்போது நீராவி ஏற்றுங்கள். நூலிலும் துணியிலும் உள்ள பூச்சு முதல் தடவை கொஞ்சம் புகையும், வாடையும் வரும். ட்ரெயின்களைத் திறந்துவைத்து, ஸ்டாப் வால்வை மிக மெதுவாகத் திறந்து குழாயைச் சூடாக்குங்கள். ட்ரெயினில் தண்ணீர் வருவது நின்று வெறும் ஆவி வரத் தொடங்கியபின் மூடுங்கள். வெப்பக்காப்பு போட்டபின் இந்த நேரம் முன்பைவிடக் குறைந்திருப்பதை உடனே உணரலாம்.

அரை மணி நேரம் ஓடியபின் பரப்பு வெப்பத்தை அளந்து பாருங்கள். அகச்சிவப்பு வெப்பமானி பளபளக்கும் உலோகத்தில் தவறாக, பெரும்பாலும் குறைத்தே காட்டும். அளக்கும் இடத்தில் ஒரு துண்டு கறுப்பு மங்கல் நாடா ஒட்டிவிட்டு அதன்மேல் அளந்தால் சரியாக வரும். எங்காவது ஓர் இடம் மட்டும் 70, 80 டிகிரி காட்டினால் அங்கே உள்ளே சுற்றிய பாய் நாடா விலகியிருக்கிறது அல்லது வளைவின் வெளிப்பக்கம் மெலிந்திருக்கிறது. குளிர்ந்தபின் திறந்து ஒரு துண்டு நாடா சேருங்கள்.

அப்புறம் பராமரிப்பு

ஒவ்வொரு முறை படகை எடுக்கும்போதும் கண்ணித்துளையைப் பாருங்கள், மேலுறையைக் கையால் அமுக்கிப் பாருங்கள். ஈரமோ கட்டியோ தெரிந்தால் அன்றே திறக்க வேண்டும். கடல்நீர் உள்ளே போய்விட்டது என்று தெரிந்தால் பாயைக் கழற்றி எறிந்துவிட்டு, ஹோஸை நல்ல தண்ணீரால் தாராளமாகக் கழுவி, உலர்த்திப் புதிய பாய் சுற்றுங்கள். உப்பு ஏறிய பாயைக் காயவைத்துத் திரும்பப் போட்டால் உப்பு அங்கேயேதான் இருக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை மேலுறையை முழுவதும் அவிழ்த்து ஹோஸைப் பாருங்கள். பின்னலில் அறுந்த கம்பி ஒன்றுகூட இருக்கக்கூடாது; இருந்தால் ஹோஸை மாற்றுங்கள். பழுப்புக் கறை, வெள்ளை உப்புப் பொருக்கு, ஓர் இடத்தில் மட்டும் பின்னல் உப்பியிருப்பது, ஃபிட்டிங்கை ஒட்டிய இடத்தில் நிறமாற்றம், இவை எதுவும் நல்ல அறிகுறி இல்லை. ஹோஸ் தேயும் பொருள். மாட்டிய தேதியை ஒரு உலோகத் தகட்டில் பொறித்து ஃபிட்டிங்கில் கட்டிவிடுங்கள். தயாரிப்பாளர் சொன்ன காலம் முடிந்ததும், பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

பருவம் முடிந்து படகைப் பல மாதம் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் குழாயிலுள்ள தண்ணீரை வடித்துவிட்டு, மேலுறையையும் மெத்தை உறைகளையும் கழற்றி, எந்த உறை எந்த இடத்துக்கு என்று எழுதிக் கட்டி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஹோஸ் அதுவரை உறையில்லாமல் கிடக்கட்டும்.